ஒரு நாள் ராமேஸ்வரம், மிச்ச நாளெல்லாம் சேலம்

கேள்வி: எனக்கு 28 வயது. சேலத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எதையும் நாலு தடவை யோசித்துத்தான் செய்வேன். மளிகைக் கடைக்குப் போனால்கூடச் சீட்டு எழுதிக்கொண்டு போகிற ரகம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் கல்லூரித் தோழி ஒருத்தியின் ரிசப்ஷன். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்த நாங்கள் நாலு பேரும் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்து மண்டபத்து வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது ஒருத்தி, "ராமேஸ்வரம் போயிடலாமாடி?" என்றாள். அரை மணி நேரத்தில் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிவிட்டோம். உடம்பில் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் தாம்பூலப் பை. வேறு துணி இல்லை. விடிவதற்கு முன்னால் ராமேஸ்வரத்தில் இறங்கி ரூம் தேடினோம். நாலு லாட்ஜில் இல்லை என்றார்கள். ஐந்தாவதில், "ரூம் வேண்டாம், குளிக்க மட்டும் இடம் குடுங்க" என்று கேட்டேன். கொடுத்தார்கள். அதே புடவையைத் திரும்பக் கட்டிக்கொண்டு டவுன் பஸ் பிடித்து தனுஷ்கோடி போனோம். அம்மா போன் செய்தபோது, "கல்யாண வீட்டுலதான் இருக்கேன், இன்னிக்கும் இருந்துட்டுப் போன்னு சொல்றாங்க" என்றேன். அலைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று இடிந்த சர்ச் சுவருக்கு உள்ளே போய் நின்றுகொண்டுதான் பேசினேன்.

அன்று நான் வேறு ஆளாக இருந்தேன். பஸ் விசாரித்தது, பேரம் பேசியது, வழி கேட்டது எல்லாம் நான்தான். திங்கட்கிழமை கேஷ் கவுன்டரில் உட்கார்ந்ததும் பழையபடி ஆகிவிட்டேன். மூன்று வருஷமாக அதே கவுன்டர். மாற்றிக் கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்க இன்னும் வாய் வரவில்லை. இதில் எது நிஜமான நான்?

எங்களுக்குள்ளும் சரியில்லை. செலவையெல்லாம் ஒருத்திதான் ஜிபேயில் போட்டாள், கணக்கு இன்னும் முடியவில்லை. இன்னொருத்திக்கு ஒன்றரை வயதில் குழந்தை. பாதியிலேயே போகலாம் போகலாம் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், நாங்கள் கிண்டல் செய்தோம். அவள் இப்போது க்ரூப்பில் பேசுவதில்லை. அம்மா புடவையை உதறி மடிக்கும்போது ஃபால்ஸ் தையலுக்குள்ளிருந்து மணல் கொட்டியிருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

இப்போது வரும் வெள்ளிக்கிழமை ராத்திரி காரில் கொடைக்கானல் போகலாம் என்கிறார்கள். அங்கிருந்து காட்டு வழியாக ஒரு நடை. அனுமதியெல்லாம் வேண்டாம், தெரிந்த பையன் கூட்டிப் போவான் என்கிறார்கள். கல்யாணம் ஆகிவிட்டால் இதெல்லாம் முடியாதே என்ற நினைப்பு வேறு. போகலாமா? திடீர்ப் பயணம் ஆளை வளர்க்கும் என்கிறார்களே, அது உண்மையா, வெறும் மயக்கமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்.

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை. அந்தக் காட்டு நடைக்குப் போக வேண்டாம்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பிடித்த தீ உங்களுக்கு நினைவிருக்கும். மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்கள் அதில் இறந்தார்கள். நிறையப் பேர் உங்கள் வயதுக்காரர்கள். அவர்கள் போனது அனுமதி வாங்காத தடம் என்று அப்போது வனத்துறை சொன்னது. காட்டுக்குள் போக அனுமதி வாங்குவதை ஏதோ ரப்பர் ஸ்டாம்பு சமாச்சாரம் என்று நினைத்துவிடுகிறோம். இன்று இந்தப் பக்கம் இத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கீழே ஒருவருக்காவது தெரிந்திருக்கும், தீயோ யானையோ குறுக்கிட்டால் தேடிக்கொண்டு ஆள் வரும். அதற்குத்தான் அந்தக் காகிதம். தெரிந்த பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அதை அவனால் தர முடியாது.

இன்னொன்று, கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் போகிற வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. போனிலேயே எடுத்துவிடலாம், பெரிய வேலை இல்லை. உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை என்பதைத்தான் கவனித்தேன். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் மலைப்பாதையில் யார் வண்டி ஓட்டப் போகிறார்கள் என்பதும் இல்லை. விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் கார் வைத்திருப்பவர் தலையில்தான் விழும், அவருக்கும் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்.

வழக்கமான பெரிய மனுஷிப் பேச்சு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ராமேஸ்வரத்துக்குப் போனதை நான் குறை சொல்லவே மாட்டேன். மாட்டுத்தாவணியில் ராத்திரி எந்நேரமும் கூட்டம் இருக்கும், பஸ்ஸிலும் ஆள் இருக்கும். இறங்குகிற ஊரில் விடியற்காலையிலேயே அக்னி தீர்த்தத்துக்குக் குடும்பம் குடும்பமாக ஜனம் நடந்துகொண்டிருக்கும். நாலு பெண்கள் கையில் பை இல்லாமல் திடீரென்று போய் இறங்க அதைவிடத் தோதான ஊர் நம் பக்கத்தில் குறைவு. யோசிக்காமல் கிளம்பினோம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உங்களில் ஒருத்தி அரை நிமிடத்தில் சரியாகவே யோசித்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை காலையில் எல்லாம் வடிந்துபோனதாக எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. நெதர்லாந்தில் 1,500க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010ல் வெளிவந்தது. விடுமுறைக்கு ஊர் போகிறவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தது கிளம்புவதற்கு முன்னால்தான். திரும்பி வந்த பிறகு பார்த்தால் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ரொம்ப நிதானமாக ஓய்வெடுத்து வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்களோ பஸ்ஸிலேயே ராத்திரியைக் கழித்தவர்கள். அதோடு, கிளம்புமுன் கிடைக்கும் அந்தச் சந்தோஷமும் திடீர்ப் பயணத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது!

பயணம் குணத்தை மாற்றும் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. ஜெர்மனியில் ஒரு செமஸ்டரோ ஒரு வருஷமோ வெளிநாட்டில் தங்கிப் படிக்கப் போன கல்லூரி மாணவர்களையும் போகாமல் இருந்தவர்களையும் ஒப்பிட்டு 2013ல் ஓர் ஆய்வு வந்தது. போனவர்களிடம் புதியதை ஏற்கிற மனசு கூடியிருந்தது, பதற்றம் குறைந்திருந்தது. ஆனால் அது மாதக்கணக்கில் தங்கியவர்களின் கதை. அந்த மாற்றத்தில் பெரும்பங்கு அங்கே புதிதாகப் பழகிய மனிதர்களால் வந்தது என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ஒரு ராத்திரி, ஒரு பகலில் ஒரு மனுஷியின் குணம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. மலை உச்சியில் நின்று போட்டோ போட்டு, 'புதிதாய்ப் பிறந்தேன்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும்.

அப்படியானால் அன்று ராமேஸ்வரத்தில் நடந்தது என்ன? உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த இடம் ஒன்று இருக்கிறது. கடலைப் பற்றியோ அரிச்சல்முனையைப் பற்றியோ நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இந்தப் பக்கம் பெண்கடல், அந்தப் பக்கம் ஆண்கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்லியிருப்பார்கள். 1964 டிசம்பர்ப் புயலில் போன ஸ்டேஷனின் மிச்சச் சுவரைப் பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் கடிதத்தில் வரவில்லை. வந்தது ஐந்தாவது லாட்ஜ்தான். ரூம் இல்லை என்றதும் கேள்வியையே மாற்றி, குளிக்க மட்டும் இடம் கேட்டீர்களே, அது. அன்றைய நாளில் உங்களுக்கே உங்களைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அதைச் செய்தது வேறு ஆள் என்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடைக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போகிறவளுக்குத்தான் எது அவசியம், எதை விட்டுவிடலாம் என்று சட்டென்று தெரியும். ரூமை விட்டுவிடலாம், குளிக்காமல் இருக்க முடியாது. கொட்டாவி விட்டுக்கொண்டு நின்ற மற்ற மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு ஏன் சேலத்தில் அது வருவதில்லை? ராமேஸ்வரத்தில் லாட்ஜ்காரர் இல்லை என்றால் அதோடு முடிந்தது. அவர் முகத்தை நீங்கள் மறுபடி பார்க்கப் போவதில்லை. அவர் உங்களைப் பற்றி என்ன நினைத்தாலும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொல்லப் போவதில்லை. மேனேஜர் முடியாது என்றால் அந்த 'முடியாது' நாளைக்கும் பத்தடி தள்ளிக் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டு வேளையில் எதிரே வரும். அடுத்த அப்ரைசலில் எழுத்தாகவும் வரலாம். தெரியாத ஊரில் கேட்பதற்கு இருக்கிற தைரியமும் தெரிந்த இடத்தில் கேட்பதற்கு வேண்டிய தைரியமும் ஒரே அளவு இல்லை. முதலாவது உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்தப் பயணத்தின் லாபம் அவ்வளவுதான், அதுவே பெரிய லாபம். இரண்டாவதைப் பழக இன்னும் பத்து ஊருக்குத் திடீரென்று கிளம்பினாலும் பிரயோஜனம் இருக்காது, அதைச் சேலத்தில்தான் பழக வேண்டும்.

ஆகவே மேனேஜரிடம் கேளுங்கள். வங்கிகளில் ஒருவரை ஒரே இருக்கையில் நெடுநாள் விட்டுவைக்கக் கூடாது, வேலையைச் சுழற்சியில் மாற்ற வேண்டும் என்பது உள்கட்டுப்பாட்டில் ஒரு பாடம். மோசடியைத் தடுக்க வைத்தது. உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் கேட்கப் போவது சலுகையே இல்லை. "சார், கேஷ்ல மூணு வருஷம் ஆயிடுச்சு. அடுத்த மாசத்துலேர்ந்து வேற டெஸ்க் குடுங்க. கேஷுக்கு வர்றவங்களுக்கு ஒரு வாரம் கூட இருந்து நானே சொல்லித் தர்றேன்." இவ்வளவு போதும். காரணம் அடுக்க வேண்டாம், குரலைத் தழைக்கவும் வேண்டாம். கேஷ் டேலி ஆகாத சாயங்காலத்தில் போய்க் கேட்காமல் காலையில் கேளுங்கள். அவர் இப்போது முடியாது என்றால், "வாரத்துல ரெண்டு நாள் லோன் பக்கம் உட்கார்றேன் சார்" என்று அடுத்ததைக் கேளுங்கள். அந்த வித்தை உங்களுக்கே தெரியும்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒன்றரை வரியில் வந்து போகிற அந்தக் குழந்தைக்காரத் தோழி. ஆள் வளர்வதைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இந்த முழுப் பயணத்திலும் முக்கியமான இடம் அவள்தான் என்பேன்.

1974ல் ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் வீட்டில் நடந்ததை எழுதினார். டெக்சாஸ் மாநிலத்தில் கோல்மன் என்ற சின்ன ஊர். கொளுத்துகிற வெயில். வீட்டோடு நிம்மதியாக உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தபோது மாமனார், "அபிலீன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா?" என்றார். 53 மைல், ஏசி இல்லாத கார். மனைவி நல்ல யோசனை என்றார், இவரும் சரி என்றார், மாமியாரும் தலையாட்டினார். புழுதியும் வெக்கையுமாகப் போய், வாயில் வைக்க முடியாத சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். நாலு பேரில் ஒருவருக்கும் போக இஷ்டமில்லை. மாமனாரே, மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் சொல்லியிருக்கிறார். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இதை அபிலீன் முரண் என்று இன்றும் சொல்லித் தருகிறார்கள்.

அன்று மண்டபத்து வாசலில் உங்களில் மூன்று பேருக்கு நிஜமாகவே ஆசை இருந்திருக்கலாம். நாலாவது ஆளுக்கு? "போயிடலாமாடி?" என்று ஒருத்தி கேட்டு, மற்ற இரண்டு பேர் கையைத் தட்டிய பிறகு, வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டு வந்தவள் எந்த வாயால் வேண்டாம் என்பாள்? சொன்னால் 'கல்யாணமானதும் மாறிட்டா' என்ற பேச்சு வரும். அதற்குப் பயந்து பஸ் ஏறியிருப்பாள். குழந்தையை மாமியாரிடமோ அம்மாவிடமோ விட்டிருப்பாள். ஒரு ராத்திரிக்கு என்று சொல்லிவிட்டு வந்தது இரண்டாவது நாளாகியிருக்கும். இன்னும் பால் கொடுக்கிற தாயாக இருந்தால், பால் கட்டி, அந்தப் பட்டு ரவிக்கைக்குள் அவள் பட்ட அவஸ்தையை உங்களிடம் சொல்லக்கூட முடிந்திருக்காது. இதில் பாதி என் ஊகம். ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள் என்று நீங்கள் பார்த்தீர்களே, அதற்குப் பின்னால் ஏதோ ஒன்று இருந்தது. அன்று அதைக் கேட்கிற நிதானம் யாருக்கும் இல்லை. நீங்கள் உங்களைப் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தீர்கள்.

இதைக் குற்றம் சாட்டுவதற்காகச் சொல்லவில்லை. நண்பர்களோடு போகிற பயணத்தில் ஒருவருக்குக் கிடைக்கிற விடுதலைக்கு வேறொருவர் செலவு செய்துகொண்டிருப்பார். ஒருவர் தூக்கத்தை, ஒருவர் காசை, ஒருவர் வீட்டில் வாங்கப்போகிற திட்டை. பையன்கள் டீக்கடையிலிருந்து பைக்கில் கிளம்பிப் போகிற கதைகளிலும் இப்படித்தான் நடக்கும், யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. பெண்கள் விஷயத்தில் அந்தச் செலவு கொஞ்சம் கூடுதல்.

அவளுக்குப் போன் செய்யுங்கள். க்ரூப்பில் வேண்டாம், தனியாக. "அன்னிக்கு நீ போகலாம்னு சொன்னப்ப நாங்க கிண்டல் பண்ணினது தப்புடி. என்ன அவசரம்னு உன்னைக் கேட்டிருக்கணும்" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் அவள் பேசட்டும். அவள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் உங்கள் பக்கத்து நியாயத்தை நுழைக்காதீர்கள். அவள் ஒன்றும் இல்லை விடு என்றாலும் அப்படியே விட்டுவிடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தையைப் பார்க்க நேரில் போய்விட்டு வாருங்கள். அவள் வேறு ஊரில் இருந்தால் இருக்கட்டும். ராமேஸ்வரத்துக்கே போனவர்கள் நீங்கள்.

காசு விஷயத்தில் பேசுவதற்கு அதிகம் இல்லை. யாருக்கு எவ்வளவு என்று மற்றவர்கள் கூட்டிச் சொல்லும் வரை காத்திருக்காமல் உங்கள் பங்கு தோராயமாக எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பார்த்து இன்றே அனுப்பிவிடுங்கள். 'குறைஞ்சா சொல்லு' என்று ஒரு வரி. பாக்கி வைத்திருப்பவரைக் குத்திக்காட்ட வேண்டாம், க்ரூப்பில் ஒருவர் அனுப்பினதைப் பார்த்தாலே மற்றவர்களும் அனுப்பிவிடுவார்கள். லட்சக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் செய்து சண்டை போட்டவர்களைவிட, நானூறு ஐந்நூறு ரூபாயைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பேச்சே நின்றுபோன தோழிகளைத்தான் என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் அதிகம் பார்க்கிறேன். அடுத்த தடவை பஸ் ஏறுமுன்பே ஆளுக்கு இவ்வளவு என்று ஒருத்தி கையில் கொடுத்துவிடுங்கள்.

அம்மா. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. எந்த ஊர் என்று வேண்டுமானால் தெரியாமல் இருக்கலாம், மதுரைக் கல்யாண மண்டபத்தில் கடற்கரை மணல் கிடையாது என்பது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அவர் கேட்கவில்லை என்றால், ஒன்று நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருக்கிறார், இல்லையென்றால் கேட்டால் வரப்போகிற பதிலுக்குப் பயப்படுகிறார். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில், மகள் ஒரு நாள் எங்கேயோ போய்விட்டுப் பொய் சொல்லியிருக்கிறாள் என்றால் அம்மா மனசு எங்கெங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று தோழிகளோடு ராமேஸ்வரம் போனாள் என்ற உண்மை, அவர் கற்பனை செய்துகொண்டிருக்கக்கூடிய எதையும்விட எவ்வளவோ தேவலாம். அதற்காகவே சொல்லிவிடலாம்.

சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். போனதற்கு மன்னிப்புக் கேட்காதீர்கள், பொய் சொன்னதற்குக் கேளுங்கள். "அன்னிக்கு நாங்க நாலு பேரும் ராமேஸ்வரம் போயிட்டு வந்தோம்மா. சொன்னா விடமாட்டேன்னு பயந்து பொய் சொல்லிட்டேன், அது தப்பு. போனது எனக்குப் புடிச்சிருந்துச்சு." இரண்டையும் கலந்துவிட்டால் இனிமேல் எங்கேயும் போக மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிற மாதிரி ஆகிவிடும். அப்புறம் அடுத்த தடவையும் பொய்தான். அம்மா சத்தம் போடலாம். இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அப்பாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதை அம்மா முடிவுக்கு விட்டுவிடுங்கள். அந்த வீட்டில் எது எப்போது யார் காதில் விழ வேண்டும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பொய்யில் எனக்கிருக்கிற வருத்தம் ஒழுக்கம் சம்பந்தப்பட்டது இல்லை. அன்று பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு ஏதாவது ஆகியிருந்தால் வீட்டில் உங்களை மதுரையில் தேடிக்கொண்டிருப்பார்கள். தனுஷ்கோடி சாலையில் சாயங்காலத்துக்கு மேல் ஆட்களை இருக்க விடுவதில்லை, அந்த இடம் அப்படி. இனி எப்போது கிளம்பினாலும் குடும்பத்தில் ஒருவருக்காவது ஊரும் பஸ்ஸும் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவிடம் முடியாத நாளில் அண்ணியிடம் சொல்லுங்கள். அண்ணியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தைதான் எழுதியிருக்கிறீர்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதே வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர், கேட்டால் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. பெண்களுக்கான 181 எண்ணும் காவல் உதவி செயலியும் போனில் இருக்கட்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு முடியாது என்ற பயத்தைப் பற்றி ஒன்று. இதுதான் உங்களை அவசரப்படுத்துகிறது. கடைசி வாய்ப்பு என்று நினைக்கிறவர்கள் எந்தப் பயணத்துக்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், அனுமதி இல்லாத காட்டு வழிக்கும்கூட. உங்கள் நாலு பேரில் கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற ஒருத்தி பட்டுப்புடவையோடு தனுஷ்கோடி வரை வந்திருக்கிறாளே. முடியாது என்று யார் சொன்னது? சுலபம் என்று நானும் சொல்ல மாட்டேன். அதனால்தான் மாப்பிள்ளை வீட்டாரோடு பேசும்போது, தோழிகளோடு வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வெளியூர் போவேன் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். சம்பளம், டிரான்ஸ்ஃபர் பற்றிப் பேசுகிற அதே மூச்சில் சாதாரணமாக. அந்தப் பையன் முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். ஜாதகத்தில் தெரியாத சில விஷயங்கள் அதில் தெரியும்.

வெள்ளிக்கிழமைக்கு என்ன சொல்வது? க்ரூப்பில் நீளமாக எழுத வேண்டாம். 'நான் இந்தத் தடவை வரலை. பர்மிஷன் இல்லாத காட்டுக்குள்ள நீங்களும் போகாதீங்கடி' என்று போடுங்கள். காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்று காரணம் தேடாதீர்கள். பயந்தாங்கொள்ளி என்பார்கள், சொல்லட்டும். தெரிந்தவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிட்டு அதிலேயே நிற்பதற்கு மேனேஜருக்கு முன்னால் இது ஒரு நல்ல ஒத்திகை.

அதே மூச்சில் மாற்று யோசனையும் சொல்லுங்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்கிறவர்களை அடுத்த தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். காட்டில் நடக்கத்தான் ஆசை என்றால், தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் 40 தடங்கள் இருக்கின்றன. சுலபமானது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்யலாம், வழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் கூட வருவார்கள். காட்டுத் தீ காலத்தில் தடங்களை மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்கு சுலபமான தடமே போதும். தேதியைப் போட்டுவிட்டு மற்றவர்களைக் கேட்காதீர்கள். குழந்தைக்காரத் தோழியிடம் போனில் பேசும்போதே, உனக்கு எந்த ஞாயிறு தோதுப்படும், எத்தனை மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று முதலில் அவளைக் கேட்டுவிட்டு, அதற்கு ஏற்ற தடமாகப் பாருங்கள்.